‘ப்வால் த கரொத்’ (1925) ஊமைப்படத்தைத் தோட்ட வாசகசாலையில் காட்ட: வேகம், தமிழ் வாசிப்பு, தப்பு

மலையருவி (ஹட்டன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலியன் துவிவியே 1925-ல் எடுத்த ‘ப்வால் த கரொத்’ படத்தை எங்க தோட்ட வாசகசாலையில் காட்டுவது என்று இளைஞர் மன்றத்தில் முடிவாகியிருக்கு. கிராமத்துக் குடும்பம் ஒன்றில் பெத்த தாய்க்கே பிடிக்காமல் போன கடைசிப் பையனின் கதை. ஜூல் ரெனார் 1894-ல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது.

ஹோல் 9 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், தகரக் கூரை. 3000 லூமன் ப்ரொஜெக்டர் இரவல் கிடைக்கும், லெப்டொப் இருக்கு. பாய் விரித்தால் 80 பேர் உட்காரலாம். வருகிறவர்களில் பாதிப்பேர் கொழுந்து எடுக்கிற அம்மாமாரும் வயசான தாத்தாமாரும். திரையில் வந்து மறைகிற எழுத்தை அவர்கள் வாசித்து முடிக்க மாட்டார்கள். அதனால் படத்தில் வரும் பிரெஞ்சு எழுத்து அட்டைகளைத் தமிழில் ஒருவர் மைக்கில் வாசிக்க வேணும். இசைக்கு எங்க காமன் கூத்துக் கலைஞர்களைக் கேட்டிருக்கிறோம். தப்பு, உடுக்கு, ஹார்மோனியம், புல்லாங்குழல் இருக்கு.

படத்தை எந்த வேகத்தில் ஓட விடுவது? வாசிக்கிறவர் அட்டையை மட்டும் வாசிப்பதா, நடப்பதையும் சேர்த்துச் சொல்வதா? கதையில் பையன் உயிரை விடப் போகிற இடம் ஒன்று வருது. சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது அதை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்க.

பிலிம்சுருள் (கண்டி):

தம்பி, கையில் இருப்பது 1925-ஆம் ஆண்டுப் படம்தானா என்று முதலில் பாருங்க. துவிவியேயே 1932-ல் இதே கதையை இதே பெயரில் பேசும்படமாகத் திரும்ப எடுத்தார். அதில் அப்பாவாக ஆரி போர், பையனாக ரொபேர் லினென். 1952-லும் 1973-லும் வேறு இயக்குனர்கள் எடுத்த படங்களும் இதே பெயரில் இருக்கு. ஊமைப்படத்தில் அப்பா லெப்பிக்காக வருவது ஆன்ரி க்ரௌஸ், அம்மா ஷார்லோத் பார்பியே-க்ரௌஸ், பையன் அந்த்ரே ஓசே. தொடக்கத்தில் வரும் நடிகர் பெயர்களைச் சரிபார்த்தால் போதும்.

உரிமை விசயத்தையும் இப்பவே முடியுங்க. துவிவியே இறந்தது 1967. ஐரோப்பியச் சட்டப்படி பார்த்தால் அவர் பங்குக்கு 2037 முடியும் வரை உரிமை உண்டு. மீட்டெடுத்த பிரதியோடு வரும் இசை புதிதாக எழுதியது, அது தனிச் சொத்து. டிஸ்கை வெளியிட்ட நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்க. எந்த ஊர், எத்தனை பேர், டிக்கெட் இல்லை, தங்கள் இசையை நிறுத்திவிட்டு நேரடி இசை வாசிக்கிறோம் என்ற நாலு தகவலும் அதில் இருக்கட்டும். பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்க.

இனி வேகம். பேசும்படம் வந்த பிறகுதான் விநாடிக்கு 24 படம் (ஃபிரேம்) என்பது நிலையானது. அதற்கு முன் கமெராக்காரர் கையால் சுற்றியதால் 18, 20, 22 என்று மாறும். ஒரே படத்துக்குள்ளேயும் மாறும். 35 மில்லிமீற்றர் சுருளில் ஒரு மீற்றருக்கு 52 அல்லது 53 படம் வரும். அந்தக் கணக்கில் 1000 மீற்றர் சுருள் விநாடிக்கு 20 படமென்றால் 44 நிமிடம் ஓடும், 24 என்றால் 36 நிமிடம் சொச்சம்தான். 20-ல் எடுத்ததை 25-ல் ஓட்டினால் 100 நிமிடப் படம் 80 நிமிடத்தில் முடிந்துவிடும், எல்லாரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். ஊமைப்படம் என்றால் சிரிப்புப்படம் என்ற எண்ணம் சனங்களுக்கு வந்ததே இதனால்தான். இந்தக் கதைக்கு அது நடந்தால் படமே போச்சு.

நல்ல மீட்டெடுப்புப் பிரதி என்றால் வேகத்தை ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ள லெப்டொப்பில் வி.எல்.சி. பிளேயரில் ஒரு நடைக் காட்சியை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்துங்க (ஆங்கில ‘ஈ’ விசை). நாலு படம் நகர்ந்து ஐந்தாவது அசையாமல் அதே படமாக நின்றால், 20-ல் எடுத்ததை 25-க்கு நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 24-ல் ஓடுகிற கோப்பில் மூன்று நகர்ந்து நாலாவது திரும்ப வந்தால் மூலம் 18. இரண்டிலும் வேகத்தில் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு படமும் புதிதாக நகர்ந்து, ஆட்கள் நடப்பதும் அவசரமாக இருந்தால் மட்டும் வேகத்தை 0.8-க்கு இறக்குங்க. சரியா என்று பார்க்க நடப்பதைப் பார்க்காதீங்க, பாத்திரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவதையும் துணி காற்றில் ஆடுவதையும் பாருங்க. நடிகர் வேணுமென்றே வேகமாக நடக்கலாம், தண்ணீர் அப்படி விழாது.

இன்னொன்று. படம் 4-க்கு 3 என்ற சட்டகத்தில் எடுத்தது. ப்ரொஜெக்டரில் ‘முழுத்திரை’ என்று அமுக்கி இழுத்துவிட்டால் முகமெல்லாம் அப்பளமாகப் பரந்துவிடும். இரண்டு பக்கமும் கறுப்பு விழட்டும்.

கதைசொல்லி (பண்டாரவளை):

வாசிப்பைப் பற்றி நான் சொல்றேன். இந்தப் படம் கெடுவதென்றால் இங்கேதான் கெடும்.

படம் தொடங்க முன் இரண்டு நிமிடம் பேசுங்க, அதில் மூன்று விசயம் கட்டாயம் வரட்டும். முதலாவது, அவள் சித்தி இல்லை, பெத்த தாய். நம்ம சனம் பார்த்துப் பழகின படங்களில் பிள்ளையை வதைக்கிறவள் சித்தியாகத்தான் இருப்பாள். சொல்லாவிட்டால் பாதிப் படம் வரைக்கும் ‘மூத்த தாரத்துப் பிள்ளை போல’ என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, பையனின் தலைமுடி சிவப்பு. கறுப்பு வெள்ளையில் அது தெரியாது. அந்தக் காலத்தில் பரவலாகப் பாவித்த பிலிம் சிவப்பை உணராது, சிவப்பு முடி அதில் கறுத்துத்தான் விழும். முடியின் நிறத்தையும் முகத்துப் புள்ளிகளையும் வைத்துத்தான் வீட்டிலேயே ‘ப்வால் த கரொத்’ என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ‘கரட் தலையன்’ என்று சொல்லிவிடுங்க, நுவரெலியாப் பக்கம் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பள்ளிப் பெயர் ஃபிரான்சுவா. யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்க. மூன்றாவது, வீட்டு ஆட்கள்: அண்ணன் ஃபெலிக்ஸ், அக்கா எர்னெஸ்தீன், புதிதாக வேலைக்கு வரும் அன்னெத். அன்னெத் வெளியாள். வீட்டார் பழகிப்போய்க் காணாமல் விடுவதை முதலில் காண்பது அவள்தான்.

இனி அட்டைகள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் திரையில் நிற்கும் விநாடியைப் பக்கத்தில் குறியுங்க. பதறாமல் வாசித்தால் தமிழில் விநாடிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போகாது. 6 விநாடி நிற்கும் அட்டைக்கு 12 சொல் என்று கணக்கு வந்தாலும் 8-ல் நிறுத்துங்க. அட்டை வந்தவுடனேயே வாயைத் திறக்காமல் அரை விநாடி விட்டுத் தொடங்கணும், மறைய ஒரு விநாடி இருக்கும்போது முடிக்கணும். குரல் அடுத்த காட்சிக்குள் வழிந்தால், அந்தக் காட்சியின் முதல் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். துவிவியே பெரும்பாலும் அட்டைக்குப் பிறகு முகத்தைத்தான் வைக்கிறார்.

சொல்லைச் சுருக்குவது இப்படி. புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருட்டில் கோழிக்கூட்டை அடைக்கப் பையனை அனுப்புகிறார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் தட்டிக் கழிக்க, அது கடைசியில் இவன் தலையில் விழுது. அதைத் தமிழில் ‘நீ உடனடியாகச் சென்று கோழிக்கூட்டின் கதவை அடைத்துவிட்டு வர வேண்டும்’ என்று எழுதினால் மேடை நாடகம். ‘கோழிக்கூட்டை நீ போய்ச் சாத்திட்டு வா’ என்றால் வீடு. அந்த ‘நீ’ மேல் கொஞ்சம் அழுத்தம் போதும்.

அம்மாவின் வசனத்தில் ‘சனியனே’, ‘மூதேவி’ என்று சேர்க்க வாய் துருதுருக்கும். சேர்க்காதீங்க. லெப்பிக் அம்மா நாள் முழுக்கக் கத்துகிற பொம்பிளை இல்லை. ஆட்கள் வந்தால் தேன் ஒழுகப் பேசுவாள், போன பிறகு குரல் தாழ்ந்து கட்டளையாகும். அதனால் விருந்தாளி முன் ‘ராசா’ என்று கூப்பிடுவதாகவும் தனியாக இருக்கும்போது பெயரே சொல்லாமல் பேசுவதாகவும் எழுதுங்க. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பிள்ளை நசுங்குது. வசவு சேர்த்தால் அவள் கூத்து ராட்சசியாகிவிடுவாள், சனம் சிரிக்கும். அப்பாவும் நல்லவராகவே தெரிவார். அவர் நல்லவர் இல்லை. வேட்டைக்குப் போவார், பேசாமல் இருப்பார், எதையும் பார்க்கவே மாட்டார். அடிக்காத அந்த மனுசனின் குற்றமும் படத்தில் இருக்கு, அதை மறைத்துவிடாதீங்க.

நடப்பதையும் சொல்வதா என்று கேட்டீங்க. சொல்ல வேண்டாம். ‘பையன் அழுகிறான்’ என்று மைக்கில் வந்துவிட்டால் அவன் அழுவதை யாரும் பார்க்கத் தேவையில்லாமல் போகும். கண்ணால் புரிந்துகொள்ள முடியாத இரண்டு இடத்துக்கு மட்டும் ஒரு வரி வையுங்க. ஒன்று, கடிதமோ எழுத்தோ திரையில் பெரிதாக வந்தால். மற்றது, பையனின் நினைவைக் காட்ட ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை ஏற்றியிருக்கும் இடங்கள். ஒரே அம்மா பல முகமாக அவனைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, பேய் வந்துவிட்டது என்று சின்னதுகள் நினைக்கும். ‘அவன் மனசுக்குள்’ என்ற இரண்டே சொல் போதும்.

குரல் ஒன்றா பலவா என்றால், ஒன்று. அம்மா வேடத்துக்குப் பொம்பிளைக் குரல், பையனுக்குச் சின்னக் குரல் என்று பிரித்தால் வானொலி நாடகமாகிவிடும். முடிந்தால் ஒரு அக்காவை வாசிக்க விடுங்க. ஆம்பிளை வாசித்தால் தாயைக் குற்றம் சாட்டுகிற தொனி தன்னாலே ஏறிவிடுது.

மலையருவி:

மிச்சம் நன்றி அண்ணா, அக்கா. வாசிப்போடு சேர்த்துத் திரையிலும் தமிழ் எழுத்து போடலாம் என்று பார்த்தோம். ஆனால் எங்க பையன் தட்டிய கோப்பைப் போட்டால் திரையில் வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருது. தப்புக்காரர்கள் ‘இதுக்கு எப்பிடித் தம்பி அடிக்கிறது’ என்று கேட்கிறார்கள்.

பிலிம்சுருள் (கண்டி):

பாமினியில் தட்டியிருப்பார். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, கோப்பைச் சேமிக்கும்போது ‘யூ.டி.எஃப்-8’ என்று தெரிவு செய்யுங்க. பிறகும் ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளில் கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் பிளேயர் பழசு என்று அர்த்தம், புதிய பதிப்பைப் போடுங்க. ஒரு வரிக்கு 30 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பிரெஞ்சு எழுத்தின் மேல் ஏறாமல் அட்டையின் அடியில் வரட்டும். குரலும் எழுத்தும் ஒரே சொற்களாக இருக்க வேணும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வித்தியாசத்தைப் பிடித்துச் சத்தமாகச் சொல்லும்.

தப்பிசை (தலவாக்கலை):

காமன் கூத்து ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கு ஏற்ற மாதிரி அடிக்க அவர்களுக்குத் தெரியும். பழக்க வேண்டியது, எப்போது அடிக்காமல் இருப்பது என்பதைத்தான்.

முதல் எச்சரிக்கை: அடி விழுகிற காட்சியில் ஒவ்வொரு அடிக்கும் தப்பில் ஒரு அடி விழக் கூடாது. கை அங்கே இறங்கும்போது சத்தம் இங்கே வந்தால் பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள், அதற்குப் பிறகு படத்தைத் தூக்கி நிறுத்த முடியாது. அந்த இடத்தில் முன்பே ஓடிக்கொண்டிருந்த தாளம் மாறாமல் அப்படியே போகட்டும். வீடு தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். அதுதான் உறைக்கும்.

தப்பின் சத்தம் 54 சதுர மீற்றர் ஹோலுக்குப் பெரிது. உள்ளே குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலாலும் உள்ளங்கையாலும் அடிக்கச் சொல்லுங்க. முழு அடி படம் முழுக்க மூன்று நாலு இடத்துக்கு மேல் தேவைப்படாது: வெளிக் காட்சிகள், ஓட்டம், ஊர் கூடுகிற இடங்கள். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளுக்கு ஹார்மோனியத்தில் ஒற்றைச் சுரத்தைத் தாழ்வாகப் பிடித்து வைத்தால் போதும். பையன் தனியாக இருக்கும்போது புல்லாங்குழல் வரலாம், ஆனால் சோகப் பாட்டு வேண்டாம். தெரிந்த சினிமாப் பாட்டின் ஒரு வரி வந்தாலும் சனம் அந்தப் படத்துக்குப் போய்விடும். உடுக்கை அம்மாவுக்கு வைக்காதீங்க. உடுக்குச் சத்தம் கேட்டதும் நம்ம சனத்துக்குச் சாமி ஞாபகம் வரும், அவளுக்குப் பேய் பிடித்திருக்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பனிக் குளிரில் தப்புத் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால் ஏறும், ஈரக் காற்றில் அரை மணித்தியாலத்துக்குள் மறுபடி இறங்கும். அதனால் இரண்டு தப்பு வேணும். ஒன்று உள்ளே ஒலிக்கும்போது மற்றது வெளியே இஸ்தோப்பில் காயட்டும். காய்ச்சுகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும், வாசிக்கிறவர் எழும்பி நடந்தால் திரையில் நிழல் விழும். புகை உள்ளே வராத பக்கமாக அடுப்பை வையுங்க, புகை வந்தால் ப்ரொஜெக்டர் வெளிச்சம் தூண் மாதிரித் தெரியும்.

குறிப்புத் தாளை நிமிடக் கணக்கில் எழுத வேண்டாம், இருட்டில் கடிகாரத்தை யார் பார்ப்பது. கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தால் எழுதுங்க. ‘அன்னெத் வாசலில் நிற்கிறாள் – குழல் தொடங்கு’, ‘அம்மா கதவைச் சாத்துகிறாள் – எல்லாம் நிறுத்து’ என்ற மாதிரி ஒரு வரிக்கு ஒரு அடையாளம், ஒரு வேலை. பெரிய எழுத்தில் எழுதி, சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் வெளிச்சத்தில் வையுங்க. கலைஞர்கள் திரைக்குப் பக்கவாட்டில், முகம் திரையைப் பார்த்து உட்கார வேணும். முதுகு காட்டி உட்கார்ந்தால் எல்லாமே ஒரு நொடி பிந்தும்.

ஒத்திகை குறைந்தது இரண்டு. முதலாவதில் வாத்தியம் இல்லாமல் படத்தை மட்டும் பார்க்க விடுங்க. கதை தெரியாமல் அடித்தால் ஒவ்வொரு காட்சியையும் பெரிசாக்கத்தான் கை போகும்.

நிழல் (பதுளை):

ஹோல் விசயம் மட்டும். திரை உயரம் 1.5 மீற்றர் என்றால் 4-க்கு 3 படத்தின் அகலம் 2 மீற்றர். உங்க ப்ரொஜெக்டர் 16-க்கு 9 வகை என்றால் கறுப்புப் பட்டிகளோடு மொத்த அகலம் 2.67 மீற்றர் வரும். அதன் புத்தகத்தில் ‘எறிதூர விகிதம்’ 1.5 என்று இருந்தால் 2.67-ஐ 1.5-ஆல் பெருக்குங்க, திரையிலிருந்து 4 மீற்றரில் வைக்கணும். ஹோலின் நடுவில் வருது, ஆட்கள் உட்கார முன்பே அந்த இடத்தை ஒதுக்குங்க. திரையின் அடிப்பகுதி தரையிலிருந்து 1.2 மீற்றருக்குக் குறையக் கூடாது, பாயில் இருக்கிறவர்களுக்கு முன் தலை மறைக்கும்.

வெள்ளைப் பெட்சீட் ஒன்றை மட்டும் கட்டினால் வெளிச்சம் பின்னால் ஓடிவிடும், இருண்ட காட்சிகள் சாம்பலாகத் தெரியும். பின்னால் ஒரு கறுப்புத் துணி கட்டுங்க, கீழ்விளிம்பில் கம்பு ஒன்றைச் சுற்றி இழுத்துக் கட்டினால் சுருக்கம் போகும். ‘டைனமிக்’ என்ற படநிலையில் வைக்காதீங்க, வெள்ளை எல்லாம் வெந்துவிடும். ‘சினிமா’ நிலை, சிக்கன விளக்கு. 3 சதுர மீற்றருக்கு 3000 லூமன் தேவைக்கு மேல்.

குளிரில் கிடந்த ப்ரொஜெக்டரைச் சனம் நிறைந்த ஹோலுக்குள் கொண்டுவந்தால் லென்சில் ஆவி படியும். துடைக்காதீங்க, கோடு விழும். அரை மணித்தியாலம் முன்பே உள்ளே வைத்துவிட்டால் வராது. படம் ஓடும்போது காற்றுக்காகத் திரைக்கு எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்து வையுங்க, மற்றதையும் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து படம் மங்கும்.

கரண்ட் போனால் விளக்கு வகை ப்ரொஜெக்டருக்கு ஆபத்து, காற்றாடி நின்று சூடு உள்ளே தங்கும். யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம், 1000 வீ.ஏ. இருந்தால் நல்லது. அதைப் படத்தைத் தொடர்ந்து ஓட்ட என்று நினைக்காமல், விளக்கை அணைத்துக் காற்றாடியைச் சில நிமிடம் ஓடவிடப் பாவியுங்க. விளக்கு ஆறாமல் மறுபடி பற்றாது. ஸ்பீக்கரையும் கேத்தலையும் அதே பிளக்கில் போடாதீங்க.

நாள் பார்க்கும்போது மழையைப் பாருங்க. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, தகரக் கூரையில் குரலே கேட்காது. உங்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரைக்கும் நல்லது. எங்க பக்கம் நேர்மாறு: டிசம்பரிலும் ஜனவரியிலும் நனைவோம், ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை காய்வோம். ஏப்ரலில் எந்தப் பக்கமும் வேண்டாம், பின்னேரம் இடிமின்னல்.

பிள்ளைநலம் (நுவரெலியா):

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். யாரும் இதைத் தொடாமல் விட்டுவிடக் கூடாது.

படத்தின் முடிவுப் பகுதியில் பையன் உயிரை விடத் துணிகிறான், அப்பா வந்து காப்பாற்றுகிறார், இருவரும் முதன்முறையாக மனம் விட்டுப் பேசுகிறார்கள். அந்தக் காட்சியை வெட்டாதீங்க. வெட்டினால் அப்பா ஏன் மாறினார் என்பதே புரியாது, கதை பிள்ளையைக் கைவிட்டதாக முடியும். அதற்குப் பதிலாக வயதுக் கட்டுப்பாடு வையுங்க. 12 வயதுக்குக் கீழே வேண்டாம், அவர்களுக்கு அன்றே பகலில் வேறு ஏதாவது காட்டி அனுப்புங்க. அட்டை வாசிக்கிறவர் அந்தப் பகுதியில் எதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். முறையைப் பெயர் சொல்லி விபரிக்கவே வேண்டாம். படத்தை அந்த இடத்தில் நிறுத்தவும் கூடாது. கரண்ட் போனால் உடனே ஹோல் விளக்கைப் போட்டு, ‘அப்பா நேரத்துக்கு வந்துவிடுகிறார், பையன் பிழைக்கிறான்’ என்று முடிவைச் சொல்லிவிடுங்க. சுவாரசியம் கெடும் என்று யோசிக்காதீங்க.

இசை அந்த இடத்தில் இல்லாமலே இருக்கலாம். அப்பா வந்த பிறகு தொடங்குங்க.

தொடங்க முன் கதையில் இப்படி ஒரு இடம் உண்டு என்று பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்க. தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போய், பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகள் உங்க ஹோலிலும் இருப்பார்கள். ‘பிள்ளையைப் பிடிக்காத தாய்’ என்பதைத் தங்கள் தாயோடு சேர்த்துப் பார்க்கக் கூடும். தூரத்தில் இருப்பது வேறு, வெறுப்பது வேறு என்று முன்னுரையில் ஒரு வரி வைத்தால் நல்லது.

பேச்சு முடிவில் என்றால், ‘உங்க வீட்டிலும் இப்படியா?’ என்று பிள்ளைகளைக் கூட்டத்தில் கேட்கவே கூடாது. பதில் சொன்ன பிள்ளை அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகணும். படத்தைப் பற்றிக் கேளுங்க: அன்னெத் எதை முதலில் கண்டாள், அண்ணனும் அக்காவும் ஏன் வாய் திறக்கவில்லை, அப்பா முன்பே எங்கே நின்று பார்த்திருக்கலாம்? அதிலேயே எல்லாம் வந்துவிடும். தனியாகப் பேச வருகிற பிள்ளைக்கு ஒரு ஆளை முன்கூட்டியே நியமியுங்க. தோட்டத்துப் பிள்ளை அபிவிருத்தி உத்தியோகத்தர் பிள்ளைகளுக்குப் பழக்கமானவர், அவரை அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவருக்கும் நாளைச் சொல்லி வையுங்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, மனநலத்துக்கான 1926 இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் கதவுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்க. சொல்ல வருகிற பிள்ளையிடம் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், காக்க முடியாது. ‘உதவி செய்யக் கூடியவரிடம் மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்க.

மலையருவி:

அக்கா, 12 வயதுக் கணக்கை மன்றத்தில் சொல்லி ஏற்றுக்கொண்டாச்சு. இன்னொன்று: நடுவில் தேத்தண்ணி இடைவேளை விடலாமா? அம்மாமார் மலையிலிருந்து வந்து நேரே உட்காருவார்கள்.

பிலிம்சுருள் (கண்டி):

விடலாம், படம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஆனால் நேரத்தின் நடுவைப் பார்த்து நிறுத்தாதீங்க. பையன் தனியாக நிற்கும் காட்சியில் நிறுத்தினால் பத்து நிமிடம் அவனை அங்கேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கும். அன்னெத் வந்த பிறகு, திரை முழுக்கக் கறுப்பாகி அடுத்த பகுதி தொடங்குகிற ஒரு இடத்தை ஒத்திகையில் குறித்துக்கொள்ளுங்க. தேத்தண்ணியைப் பாயிலேயே கொண்டுபோய்க் கொடுங்க, எழும்பினால் திரும்ப உட்கார வைக்க நேரம் போகும். விளக்கு வகை ப்ரொஜெக்டர் என்றால் இடைவேளையில் அணைக்க வேண்டாம், லென்ஸ் மூடியையும் போடாதீங்க. சூட்டில் மூடி உருகும். ‘வெற்றுத்திரை’ பொத்தானை அமுக்கிவிட்டால் போதும். அந்த இடைவெளியில் தப்பையும் மாற்றிக்கொள்ளலாம்.